செவ்வாய்க்கிழமை நீ ஆஸ்பத்திரிக்குப் போகிறாய்

மாலா,

நலமா என்று கேட்டுத் தொடங்க வேண்டிய கடிதம் இது. கேட்கப் போவதில்லை. நீ நலமாக இல்லை என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். போனில் கூப்பிட்டால், மீட்டிங்கில் இருக்கிறேன், அப்புறம் கூப்பிடுகிறேன் என்கிறாய். அந்த அப்புறம் வருவதே இல்லை. குரல் பதிவு அனுப்பினால் அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். என் கோபத்தை அப்படி ஓடவிட்டுக் கேட்டால் எவனோ கோமாளி கத்துவதுபோலத்தான் இருக்கும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். படித்து முடித்துவிட்டு இதை உன் பெற்றோர் குழுவில் போட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை, போடு. ஆட்டிசம் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் படியேறி இறங்குகிற அத்தனை பேரும் படிக்கட்டும். அவர்களிலும் உன்னைப்போல நாலு பேர் இருப்பார்கள், அவர்களைத் திட்டவும் ஒரு அப்பன் வேண்டும்.

சென்ற மாதம் கோலா சிலாங்கூர் மண்டபத்தில் உனக்கு விழா எடுத்தார்களே, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், ஆளுக்கொரு படம் பிடித்துக்கொண்டார்கள். மைக் பிடித்தவர் வாய் கிழியப் பேசினார். இந்தத் தாய் தனக்கென்று ஒரு நாளும் வாழ்ந்ததில்லையாம், உண்ணாமல் உறங்காமல் தன் பிள்ளைக்காகவும் ஊரார் பிள்ளைகளுக்காகவும் ஓடுகிறாளாம், தியாகத் தாயாம். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. நீயும் சிரித்துக்கொண்டே கும்பிட்டாய். அந்த நேரத்தில் உன் மகன் தர்ஷன் எங்கே என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தராவது கேட்டார்களா? ஸ்பீக்கர் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு அலறியவனை நானும் மாப்பிள்ளையும் காடி நிறுத்துகிற இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஒன்பது வயதுப் பிள்ளை, நல்ல கனம். பின்சீட்டில் அவன் தலையைக் கண்ணாடியில் மோதிக்கொள்ளாமல் இருக்க மாப்பிள்ளை தன் உள்ளங்கையைக் குறுக்கே வைத்து, ஒவ்வொரு அடியையும் கையில் வாங்கிக்கொண்டிருந்தார். உன் பெயரைக் கூப்பிடும்போது மட்டும் நான் உள்ளே ஓடிவந்து பின்வரிசையில் நின்றேன். பொன்னாடை போர்த்திய அந்தக் கைகளில் ஒரே ஒரு கை, ஒரே ஒரு மணி நேரம், அவனைப் பிடித்துக்கொள்ள முன்வந்திருக்குமா? துணிக்கடையில் ஒரு துணியை வாங்கித் தோளில் போர்த்துவதற்கு என்ன கஷ்டம்?

பிறகு நீ மேடையைவிட்டு இறங்கினாய். கடைசிப் படியில் கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டாய். உதடு சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருந்தது. புழுக்கம்தான், காற்று வரட்டும், தள்ளுங்கள் என்று யாரோ சொன்னார்கள். இன்னொருத்தி இனிப்புச் சிராப் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நீ குடித்துவிட்டு, "ஒண்ணுமில்லேலா, காலையிலருந்து பசியாறல, அதான்" என்றாய். நானும் நம்பினேன். காடிக்குப் போனால் மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார். என்ன என்று கேட்டேன். சட்டைக் காலரைப் பிடிக்காத குறைதான், அப்புறம்தான் சொன்னார். கர்ப்பப்பையில் கட்டியாம். மாதக்கணக்காக உதிரம் போகிறதாம். உடம்பில் இருக்க வேண்டிய இரத்தத்தில் பாதிகூட இல்லையாம். ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்து, அதை நீ ஒரு தடவையல்ல, இரண்டு தடவை தள்ளிப்போட்டிருக்கிறாய். மூன்றாவதாகக் கொடுத்த நாள்தான் வருகிற செவ்வாய்க்கிழமை. அதையும் தள்ளிப்போடப் போகிறாய் என்றார்.

இதையெல்லாம் அப்பன் மகளிடம் பேசக்கூடாது என்பார்கள். பேசத்தான் போகிறேன். முதல் தடவை எதற்காகத் தள்ளிப்போட்டாய்? தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க. தர்ஷனுக்குப் பேச்சு வரவேண்டும் என்று வேண்டுதல். சாமி கும்பிடுவதை நான் குறை சொல்வேனா? ஆனால் ஈரல் சாப்பிடு, மீன் சாப்பிடு, முட்டை சாப்பிடு, இரத்தம் ஊற வேண்டும் என்று டாக்டர் தலையால் அடித்துக்கொண்ட நேரத்தில் நீ ஒரு மண்டலம் ஒருவேளைச் சோறும் கீரையுமாய் விரதம் இருந்திருக்கிறாய். அதுமட்டுமா? தீட்டு வந்துவிட்டால் குடம் தூக்க முடியாதே என்று தள்ளிப்போடுகிற மாத்திரையை டாக்டரிடம் கேட்காமல் மருந்துக் கடையில் வாங்கி விழுங்கியிருக்கிறாய். குடத்தைத் தூக்கினாய், பாலை ஊற்றினாய், மாத்திரையை நிறுத்தினாய். அதற்குப் பிறகு மடை திறந்ததுபோல வாரக்கணக்கில் நிற்கவேயில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். நம் பெண்களில் எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் விசாரித்தேன். எல்லாரும் செய்வதுதானே மாமா என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். முருகன் உன்னிடம் வந்து கேட்டானா, மாலா? உன் இரத்தத்தைக் கொண்டுவா, உன் பிள்ளைக்கு இரண்டு வார்த்தை தருகிறேன் என்று எந்தச் சாமியாவது பேரம் பேசுமா? தட்டச்சு செய்த கடிதத்தோடு போய்க் கல்வி அலுவலகத்தையே ஆட்டிவைக்கிறவளுக்கு இது புரியவில்லையா?

உன் அம்மா எப்படிப் போனாள் என்று உனக்குத் தெரியும். ஆனால் அவள் சாவு வீட்டில் என்ன பேசினார்கள் என்று உனக்குத் தெரியாது. நீ அழுது மயங்கி உள்ளறையில் கிடந்தாய். அவளுக்கும் இப்படித்தான் உதிரம் போயிருக்கிறது. செம்பனைக் காட்டில் மருந்தடிக்கப் போவாள், சாயங்காலம் வந்து சமைப்பாள், ஒரு வார்த்தை சொன்னதில்லை. தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரெஸர் ஆம்பிளை, அவனிடம் எப்படிச் சொல்வது என்று வெட்கம். சொன்ன அன்றைக்கு நேரம் கடந்துவிட்டது. அவளைக் கிடத்தியிருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு நம் சொந்தக்காரர்கள் பேசினார்கள்: என்ன பொறுமை, என்ன பொறுமை, கடைசிவரைக்கும் வாயைத் திறந்து வலிக்குது என்று சொன்னதில்லையே, இப்படி ஒரு பொம்பளையை இனிமேல் பார்க்க முடியுமா? எனக்கு அவர்களை எழுப்பி வெளியே தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும்போல இருந்தது. ஒருத்தி செத்ததையே அவளுக்குப் பெருமையாக்கிப் பேசுகிறார்களே என்று. அதே பேச்சைத்தான் அன்றைக்கு மண்டபத்தில் மைக் வைத்துப் பேசினார்கள். நீ உயிரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். இப்போது புரிகிறதா, நான் ஏன் உன்னிடம் ஒரு வாழ்த்தும் சொல்லாமல் கிளம்பி வந்தேன் என்று?

சண்டை போடாதே என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். அது உன் பிறவிக் குணம். நாம் தோட்டத்தில் இருந்தபோது மழை பெய்தால் பள்ளிப் பேருந்து உள்ளே வராது, சேறு என்று மெயின் ரோட்டோடு போய்விடும். பிள்ளைகள் நனைந்துகொண்டே நடக்க வேண்டும். நீ ஐந்தாம் வகுப்பு. ஒரு நாள் மெயின் ரோட்டுக்கே போய்ப் பேருந்துக்கு முன்னால் நட்டநடு ரோட்டில் நின்றுவிட்டாய். டிரைவர் ஹார்ன் அடிக்கிறான், நீ நகரவில்லை. தோட்டத்தில் வேலை வாங்குகிற மண்டோர் வந்து உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து என்னிடம் விட்டார், இந்தப் பிள்ளையைக் கொஞ்சம் அடக்கி வை என்றார். நான் சரி சரி என்று தலையாட்டிவிட்டு அவர் போனதும் சிரித்தேன். அடுத்த மழைக்குப் பேருந்து உள்ளே வந்தது. அதேபோல தர்ஷனை முதல் பள்ளியில் சேர்த்தபோது, கழிவறைக்குத் தானாகப் போகத் தெரியாதவனை வைத்துக்கொள்ள முடியாது, பத்து மணிக்கே வந்து கூட்டிப்போங்கள் என்றார்கள். நீ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய்ப் பள்ளி வாசலில் போட்டு உட்கார்ந்தாய். நான் இங்கேயே இருக்கிறேன், வேண்டும்போது கூப்பிடுங்கள், ஆனால் அவன் மணியடிக்கிறவரைக்கும் வகுப்பில் இருப்பான் என்றாய். மூன்றாவது வாரம் அவர்களே ஓர் உதவியாளரைப் பிடித்துவிட்டார்கள். கல்யாண வீட்டில் தர்ஷன் கையைத் தட்டிக்கொண்டு ஓடும்போது நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்த நம் சொந்தக்காரிகளையும், பேச்சு வந்துவிட்டதா என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்கிற நாக்குகளையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை. நீ மன்னித்துவிட்டாய், அது உன் பெரிய மனசு. அந்தச் சண்டையெல்லாம் நியாயமான சண்டை. என் கோபம் அதன்மேல் இல்லை.

என் கோபம் எதன்மேல் என்றால், எல்லாவற்றையும் நீயே தலையில் தூக்கிப் போட்டுக்கொள்கிறாயே, அதன்மேல். பாகான் நக்கோடா ஓமாரில் ஒரு குடும்பத்துக்குப் பிள்ளையின் ஊனமுற்றோர் கார்டு வாங்க வேண்டுமா, மாலா போவாள். இரவு சாப்பாட்டு நேரத்தில் யாருக்கோ பள்ளியிலிருந்து மிரட்டல் வந்ததா, மாலா பேசுவாள். இரண்டாவது ஆபரேஷன் நாளை அந்தப் பாகான் குடும்பத்துக்காகத்தானே விட்டுக்கொடுத்தாய்? அவர்கள் கேட்டார்களா? உனக்கு அன்றைக்கு ஆபரேஷன் என்றே அவர்களிடம் நீ சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார்கள் என்று உனக்குத் தெரியும். வீட்டிலும் அதே கதை. மாப்பிள்ளை நைட் ஷிப்ட் முடித்து வந்து, நான் குளிப்பாட்டுகிறேன் என்றால் உனக்குப் பொறுக்காது. தண்ணீர் சூடு சரியில்லை, துண்டு சரியில்லை. வெள்ளைத் தட்டில் சோறும் நீலத் தட்டில் முட்டையும் வைக்க வேண்டும், மாற்றி வைத்துவிட்டார் என்று பிடுங்கிக்கொள்வாய். பத்துத் தடவை பிடுங்கினால் பதினொன்றாவது தடவை எந்த ஆம்பிளையும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான், அப்புறம் அவர் ஒன்றும் செய்வதில்லை என்று என்னிடமே வந்து சொல்வாய். என்னையும் விட்டாயா? இங்கே புக்கிட் பெலிம்பிங்கில் என் வீட்டுக்கு ஒரு வாரம் கொண்டுவந்து விடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். "ஒங்களால முடியாதுப்பா. அவன் ஓடுனா ஒங்களால பிடிக்க முடியுமா?" என்றாய். முடியாது. உண்மைதான், முழங்கால் போய்விட்டது. ஆனால் கேட்டைப் பூட்ட எனக்குத் தெரியும்.

அவனை உன்னைப்போல யாரும் பார்த்துக்கொள்ள முடியாது என்பது உன் நினைப்பு. அதுவும் உண்மைதான். அதற்காக, உன்னைத் தவிர யாருமே அவனைத் தொடாமல் ஒன்பது வருஷம் வளர்த்திருக்கிறாயே, நாளைக்கு நீ படுத்துவிட்டால் அவன் கதி என்ன என்று ஒரு நாளாவது யோசித்தாயா? மற்றப் பிள்ளைகளாவது அழுதுவிட்டு அத்தை வீட்டிலோ மாமா வீட்டிலோ ஒட்டிக்கொள்ளும். இவனுக்கு மாற்றமே ஆகாது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள் நீ. மாற்றத்தை முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும் என்று மேடையில் சொன்னவளும் நீதான், நான் பின்வரிசையில் நின்று கேட்டேன். உன் மகனுக்கு நீ இல்லாத ஒரே ஒரு ராத்திரியைக்கூடப் பழக்கவில்லையே, அது எந்தக் கணக்கில் சேர்த்தி? உன் உடம்பைப் பார்த்துக்கொள்வது உனக்குச் செய்துகொள்கிற சொகுசு என்று நினைக்கிறாய். இல்லையம்மா. அது அவனுக்கு நீ செய்ய வேண்டிய வேலை. பள்ளிக்கூட மீட்டிங்கைவிட முக்கியமான வேலை.

இப்போது கலும்பாங் விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை காலை அங்கே உன் குழுவில் இருக்கிற புவனாவின் மகள் பள்ளியில் மீட்டிங், அதனால்தான் இந்தத் தடவையும் ஆபரேஷனைத் தள்ளப் போகிறாய் என்று மாப்பிள்ளை சொன்னதும், அந்தப் புவனாவின் நம்பரைக் கேட்டு வாங்கினேன். கூப்பிட்டேன். யார் என்ன என்றுகூடச் சரியாகச் சொல்லாமல், என் மகளைக் கொல்லப் பார்க்கிறீர்களா என்றுதான் ஆரம்பித்தேன். அந்தப் பெண் பயந்துவிட்டாள். விஷயத்தைச் சொல்லி முடித்ததும் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா ஒரு வார்த்தகூடச் சொல்லலையேப்பா." அன்றைக்கே அவளே பள்ளிக்குப் போன் செய்து மீட்டிங்கை முன்னால் தள்ளி, நேற்றைக்கு மாற்றிக்கொண்டாள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள், சொன்னால் அக்கா காடியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார் என்று. உன்னை நன்றாகத்தான் தெரிந்துவைத்திருக்கிறாள். கத்திவிட்டோமே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. துணைக்கு நான் வருகிறேன் என்று கிளம்பினேன்.

போகிற வழியெல்லாம், தலைமையாசிரியர் மேசையைத் தட்டி என்னென்ன கேட்பது என்று நான் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். ஏழு வயதுப் பிள்ளையை, பார்த்துக்கொள்ள ஆளில்லை, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்களே, சும்மா விடுவேனா? ஆபீஸ் வாசலில் புவனா என்னை நிறுத்திவிட்டாள். "நீங்க உள்ள வராதீங்கப்பா. பாப்பாவ மட்டும் பாத்துக்குங்க. அக்கா சொல்லிக்குடுத்தத நான் பேசிக்குவேன்" என்றாள். எனக்கு முகம் தொங்கிப்போனது. இருந்தாலும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கேண்டீன் பக்கம் போனேன். உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், அந்த ஒரு மணி நேரத்தில் அவள் என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தாள், முழங்கையைக் கடித்தாள், சிமெண்டுத் தரையில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாள். எனக்கு என்ன செய்வது என்றே தெரியவில்லை. கடைசியில் நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். கேண்டீனில் வேலை செய்கிற மாக்சிக், மலாய்க்கார அம்மா ஒருவர், பார்த்துவிட்டு ஒரு ஸ்ட்ராவைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே பிள்ளை அமைதியானாள். நான் செய்தது எல்லாமே தப்பாகத்தான் இருந்திருக்கும், நீ பார்த்திருந்தால் பிடுங்கிக்கொண்டு போயிருப்பாய். ஆனால் ஒரு மணி நேரம் கழிந்தது, பிள்ளையும் உயிரோடு இருந்தாள், நானும் இருந்தேன்.

புவனா வெளியே வந்து நடந்ததையெல்லாம் சொன்னாள். தலைமையாசிரியர் முதலில் பெரிதாகத்தான் பேசினாராம். அவரை முழுசாகப் பேசவிட்டுவிட்டு, நீ சொல்லிக்கொடுத்த அந்த ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறாள்: வாத்தியாரைச் சிக்கு என்று மரியாதையாகக் கூப்பிட்டு, இதையே எழுத்தில் கொடுக்க முடியுமா என்று. அவர் கூரையைப் பார்த்தாராம். திங்கள்கிழமையிலிருந்து ஐந்து நாளும் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டார். காடியில் ஏறியதும் அவள் அழ ஆரம்பித்தாள். ஜெயித்துவிட்டு ஏனம்மா அழுகிறாய் என்று கேட்டேன். "அக்கா செத்துப்போன பெறகு நாங்க இதக் கத்துக்கிறதுக்குப் பதிலா, இப்பவே கத்துக்கிறோம்பா" என்றாள். நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். கண்ணாடி இல்லாததால் நிறுத்தினேன் என்றுதான் அவளிடம் சொன்னேன்.

நீ இல்லாமல் அது நடந்தது, மாலா. இதைப் படிக்கும்போது உன் முகம் சுருங்கும், சுருங்கட்டும். நீ சொல்லிக்கொடுத்துத்தான் நடந்தது, அந்தப் பெருமையை நீ வைத்துக்கொள். ஆனால் நீ நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியம் இல்லாமல் நடந்தது. இனிமேல் உன் குழுவில் இருப்பவர்கள் ஆளுக்கொரு ஊரைப் பார்த்துக்கொள்ளப் போகிறார்களாம், ராச்சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் உன்னைக் கூப்பிடக் கூடாதாம், புவனா எல்லாரிடமும் பேசிவிட்டாள். உனக்குக் கோபம் வந்தால் என்மேல் காட்டு. எனக்கு அதெல்லாம் பழக்கம்தான். அடுத்த பூசத்துக்கு வேண்டுதல் பாக்கி இருந்தால் அதையும் என்மேல் போடு, நான் தூக்குகிறேன் குடத்தை. உன் விரதமெல்லாம் முடிந்தது. திங்கள்கிழமை வரைக்கும் ஈரலும் மீனும் வாங்கிக் கொடுக்க மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன், மூஞ்சியைத் திருப்பாமல் சாப்பிடு.

நான் ஞாயிற்றுக்கிழமை ராவாங்குக்கு உன் வீட்டுக்கு வருகிறேன். துணிமணி எடுத்துவைத்தாயிற்று. செவ்வாய்க்கிழமை காலை மாப்பிள்ளை உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார், தர்ஷன் என்னிடம் இருப்பான். நீ வீடு திரும்பி எழுந்து நடக்கிறவரைக்கும் நான் அங்கேதான். எப்படிச் செய்வது என்று எனக்கு எதையும் எழுதி ஒட்டிவைக்காதே, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு மணிக்கொரு தடவை போன் செய்யாதே. அவன் கத்துவான், எனக்குத் தெரியும். வாசலில் நின்று உன்னைத் தேடுவான். நான் முட்டையை வெள்ளைத் தட்டில் வைப்பேன், தண்ணீர் சூடு சரியாக இருக்காது, அவன் என்னைக் கடிப்பான், பக்கத்து வீட்டுக்காரர் வந்து என்ன சத்தம் என்று கேட்பார். நான் எல்லாவற்றையும் தப்பாகத்தான் செய்வேன். அந்த ஒரு வாரம் உன் பிள்ளைக்குத் தப்பாகவே போகட்டும், மாலா. அம்மா இல்லாமல் மட்டும் போய்விடக் கூடாது.

அப்பா